ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பஸ்

சக்கரத்துக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்ட மகத்தான பொருள் 'திறந்த மூல' இணையதள மென்பொருள்தான். இதை நான் மனதுக்குள் மட்டுமே சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னால் எங்கள் அதிகாரி பெஞ்சமின் சார் அடுத்த கூட்டத்தில் தன் கருத்தாகச் சொல்லிவிடுவார்.

கொல்லிமலை விவசாயிகளுக்கான எங்கள் அரசு அலுவலகத்துக்கு இணையதளம் அமைக்க அதைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. காசு கிடையாது, பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்றார். மலை மக்கள் தங்கள் குறைகளைத் தாங்களே எழுதலாம். எழுதியது வெளியே தெரிய மட்டும் அவருடைய அனுமதி வேண்டும். அவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டதால் பொத்தானை அழுத்துவது என் வேலை. எப்போது அழுத்துவது என்கிற சுதந்திரம் அவருடையது.

முதலும் கடைசியுமாக எழுதியவர் மலைமேல் இருக்கும் வளப்பூர் நாடு என்ற ஊரின் அத்தாயி அக்கா. காலை பஸ் நின்றுபோனதால் மிளகு மூட்டை சந்தைக்குப் போகாமல் வீட்டிலேயே பூசணம் பிடிக்கிறது என்று எழுதியிருந்தார். இத்தகைய சொற்கள் தளத்தின் 'முகப்பொலிவை'க் கெடுக்கும் என்றார் சார். அன்று முதல் அது 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது'.

இன்று தளத்தைப் பார்வையிட மேலதிகாரி வருகிறார். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி, வளைவுகளில் தலைசுற்றியபடி ஏறிக்கொண்டிருப்பதாகத் தகவல். அப்போதுதான் சார் ஒரு குறையைக் கண்டார். நாங்கள் எடுத்த இலவச வடிவமைப்பு ஏதோ தங்கும் விடுதிக்கானது. 'பயனாளி பேசுகிறார்' என்ற கட்டத்தில் சுருட்டை முடி வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, "படுக்கை மெத்தென்று இருந்தது, மறுபடியும் வருவேன்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அத்தாயி அக்கா உள்ளே வந்தார். நடந்தே வந்திருந்தார்.

"ஏனுங்க, நான் எழுதுனது வந்துருச்சுங்களா?"

காத்திருக்கிறது என்றார் சார்.

"பஸ்ஸுக்குத்தான் காத்துக்கெடந்தேன். எழுதுனதும் அதே ஸ்டாப்புலதான் நிக்குதுங்களா?"

சார் சிரித்தார். மக்களின் நகைச்சுவை உணர்வு அவருக்கு மிகவும் பிடிக்கும். அக்காவைச் சுவரோரம் நிறுத்திப் படமெடுத்தார். தான் எழுதியதற்குப் பக்கத்தில் போடத்தான் என்று எண்ணி, அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

படம் என் கணினிக்கு வந்தது. வெள்ளைக்காரியை எடுத்துவிட்டு அக்காவை வைக்க வேண்டுமாம்.

"வாசகம் அப்படியே இருக்கட்டும் மெர்சி. படுக்கையை மட்டும் சேவைன்னு மாத்திடுங்க."

சேவை மெத்தென்று இருந்தது, மறுபடியும் வருவேன். பின்பாதி உண்மைதானே என்று எனக்குள்ளிருந்த அரசாங்கக் குரல் வாதாடியது. பஸ் வரும்வரை அக்கா மறுபடியும் வரத்தானே வேண்டும்? இந்த மலைக்கு வந்த பிறகு அந்தக் குரல் எனக்குள் நன்றாகச் சதைபோட்டிருந்தது.

"பஸ் சங்கதி போட்டாச்சா கண்ணு?" அக்கா என் தோளருகே எட்டிப் பார்த்தார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சார் அவசரப்படுத்தினார். நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். எழுந்து, நாற்காலியை சார் பக்கம் திருப்பி வைத்தேன்.

"யார் வேணும்னாலும் மாத்தலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அக்கா சொல்லாததை அவங்க சொன்னதா மாத்த என்னால முடியாது, நீங்களே உக்காந்து மாத்துங்க."