நல்ல குடி

அழகரத்தினத்தின் வீட்டு விறாந்தையில் ஐந்து கதிரைகள் இருந்தன. உட்காரத்தான் ஒன்றும் இல்லை. ஒன்றில் வாவி மீன்கள், ஒன்றில் குளத்து மதகுகள், இரண்டில் குடி. ஐந்தாவதில் அழகரத்தினம்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து அவர் நான்கு புத்தகங்களை ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்று சலித்தால் அடுத்த கதிரைக்குப் போவார். எழுத்தாளனுக்குச் சலிப்பு வரக்கூடாது என்பது அவருடைய கொள்கை. புத்தகம் முடிய வேண்டும் என்பது கொள்கையில் இல்லை.

"கொக்கட்டிச்சோலையில இருந்து மாப்பிள்ள வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழம வாறாங்க. அவங்கள மீனுக்கு மேலயா இருத்துற?" என்று கேட்டாள் மனைவி சீதேவிப்பிள்ளை.

"எல்லாத்தையும் தூக்கிக் கட்டில்ல வைப்பம்."

"கட்டில்ல உங்கட பழைய மதகு கிடக்கு."

இரண்டு கதிரையில் குடி இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒன்று மட்டக்களப்பின் தாய்வழிக் குடிகளைப் பற்றிய ஆராய்ச்சி. அந்தப் பக்கத்தில் கல்யாணம் பேசப் போனால் முதல் கேள்வியே என்ன குடி என்பதுதான். தாயின் குடிதான் பிள்ளைக்கு, ஒரே குடிக்குள் கட்டமாட்டார்கள். மற்றது, ஊர் மதுவொழிப்புச் சங்கம் கேட்டதற்காக எழுதிய கைநூல். அதிலும் குடிதான், போத்தலில் வருவது. இரண்டு தாள் கட்டின் மேலும் அழகரத்தினம் கொட்டை எழுத்தில் "குடி" என்று எழுதியிருந்தார். எது எது என்று எழுதியவருக்குத் தெரியும்தானே.

மகள் கேதீஸ்வரி வேலைக்குப் புறப்பட்டு வாசலில் நின்றாள்.

"அப்பா, பொடியன்ட குடி விசாரிச்சீங்களா?"

போன கிழமையும் இதையேதான் கேட்டாள். அதற்கு முதலும் ஒரு தரம் கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு மரபில் இவ்வளவு அக்கறையா என்று அழகரத்தினத்துக்கு உள்ளுக்குள் பெருமை.

"நல்ல குடி மகள். கோயில்ல உரித்துள்ள குடி. தாய்ட தாய்ப்பக்கமும் தோண்டிப் பாத்திட்டன். அங்காலயும் குடி சுத்தம்."

கேதீஸ்வரி தகப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை விஜிதரன் கல்யாணம் கட்டினால் வந்து இருக்கப்போவது இந்த வீட்டில்தான். அது அந்தப் பக்கத்து வழக்கம். பெண்ணுக்கு வீடு, வீட்டுக்கு மாப்பிள்ளை.

"சரி, ரெண்டு குடியையும் தாங்க. போற வழியில இன்ஷிராட கடையில குடுத்திட்டுப் போறன். கதிரையாவது காலியாகும்."

காத்தான்குடியில் போட்டோக் கொப்பிக் கடை வைத்து, கணினியில் எழுத்தும் அடித்துக் கொடுக்கும் இன்ஷிராவுக்கு மட்டும்தான் அழகரத்தினத்தின் கையெழுத்து விளங்கும். அவருக்கே சில நாட்களில் விளங்காது.

"நல்லதாப் போச்சு. அடிச்ச உடன வினாயகமூர்த்தி அண்ணன்ட வாட்ஸ்அப்புக்கும் ஒண்டு அனுப்பச் சொல்லு. அவர்ட குடியப் பத்தி அதில பெருமையா எழுதிரிக்கன். சம்பந்தம் பேச வாற மனிசன் வாசிச்சிட்டு வரட்டும்."

வினாயகமூர்த்தி விஜிதரனின் தகப்பன். பெரிய வட்டையில் வயல் செய்கிறவர். அச்சில் தன் குடியைக் காண வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

வெள்ளிக்கிழமை இன்ஷிரா அழைத்தாள்.

"சேர், குடி முடிஞ்சிட்டு. தாள் வந்த வரிசையிலயே அடிச்சிரிக்கன். அவருக்கும் அனுப்பிட்டன்."

தன்னுடைய ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்ற செய்தி அழகரத்தினத்துக்குப் புதிது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

"குடி தாய்வழியாகவே பிள்ளைகளுக்கு வருகின்றது. இதனால் முதலில் பாதிக்கப்படுவது ஈரலாகும்."

கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார்.

"திருவிழாவின் முதல் நாள் இக்குடியினருக்கு உரியது. அன்று விடியும்போதே கை நடுங்கத் தொடங்கும். குடியை மறைத்துச் சம்பந்தம் செய்வது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. ஆயினும் வாயைத் திறந்தால் அயலவர் அறிந்துகொள்வர்."

இரண்டு புத்தகமும் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தன. அவர் அவசரமாக வினாயகமூர்த்திக்கு அழைத்தார்.

"அண்ணன், போனுக்கு ஒண்டு வந்திரிக்கும். அத வாசிச்சிராதீங்க."

"நான் இன்னும் போனையே பாக்கல்ல."

"அப்ப பாக்கவே வேணாம்."

"ஏன், அதில என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல, உங்கட குடிதான்."

"எங்கட குடியத்தானே எழுதிறன் எண்டு சொன்னீங்க?"

"ஓம் அண்ணன். அதோட மற்றக் குடியும் சேந்திட்டு."

அந்தப் பக்கம் எதையோ தடவும் சத்தம். பிறகு, "இரிங்க, கண்ணாடிய எடுத்திட்டு வாறன்" என்று கேட்டது. தொடர்பு அறுந்தது.

குசினிக்குள் இருந்து சீதேவிப்பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

"சும்மா இருந்திருந்தா அந்த மனிசன் பாத்தே இருக்கமாட்டார்."

விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று நினைத்த அழகரத்தினம் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். "அண்ணன், அதில நல்ல விசயமா வாறதெல்லாம் உங்கட குடி. கெட்ட விசயமா வாறது பொதுவான குடி. பிரிச்சு வாசிங்க." நீலச் சரி இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை.

பேச்சு வேண்டாம், எழுத்தே பேசட்டும் என்று முடிவெடுத்தார். குடி ஆராய்ச்சியில் அந்தக் குடியின் பெருமையைச் சொல்லும் பக்கம் ஒன்றை இன்ஷிரா முன்னரே அடித்து அனுப்பியிருந்தாள். ஆனால் அவருடைய எல்லாப் பக்கங்களையும் அவள் ஒரே பெயரில்தான் அனுப்புவாள், "அழகரத்தினம் சேர்" என்று. அதே பெயரில் கிடந்தவற்றில் ஒன்றைத் தொட்டு, "இதுதான் உண்மையான கருத்து" என்று கீழே எழுதி அனுப்பினார். அனுப்பிய பிறகு திறந்து பார்த்தார்.

"எடுக்க முதல் கண்ணைப் பார்க்கவும். கண் கலங்கிச் சிவந்திருந்தால் எடுக்க வேண்டாம். வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். கிட்டப் போய் மூக்கால் மணந்து பார்ப்பதே சிறந்தது. தள்ளிவிட நினைப்பவர் நல்லது என்றுதான் சொல்வார்."

வாவி மீன்கள், ஏழாம் அத்தியாயம், சந்தையில் மீன் வாங்கும் முறை. தலைப்பு முன்பக்கத்தில் இருந்தது. இந்தப் பக்கத்தில் மீன் என்ற சொல்லே இல்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடாது என்பதும் அவருடைய கொள்கை.

அழிக்கப் போனார். அதற்குள் பதில் வந்துவிட்டது. "நாளைக்குக் காலையில வாறன். தனிய."

"கலியாணம் குழம்பிட்டு," என்றாள் சீதேவிப்பிள்ளை. "மீனையும் மதகையும் எழுதி எழுதி, பெத்த புள்ளைட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்க."

அழகரத்தினம் உண்மையிலேயே பயந்துபோனார். கேதீஸ்வரிக்கு இதற்கு முதல் இரண்டு சம்பந்தம் சரிவராமல் போனது. இதுவும் போனால், அதுவும் தன்னால் போனால், மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இரவு முழுக்கப் புரண்டார்.

சனிக்கிழமை காலை வினாயகமூர்த்தி மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மீன் இருந்த கதிரையில் அவரை இருத்தினார்கள். பிளேன்ரீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"அண்ணன், என்ன மன்னிச்சிரணும்," என்று தொடங்கினார் அழகரத்தினம்.

"நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கிற? கேக்கிற ஆள் நான்." வினாயகமூர்த்தி நிலத்தைப் பார்த்தபடி பேசினார். "படிச்ச மனிசன், மூஞ்சிக்கு நேர கேட்டு மானத்த வாங்காம எழுத்தில சொன்னீங்க. முதல் அனுப்பினத ஏதோ பிழையா வந்திட்டு எண்டுதான் நினைச்சன். மறுகா, கிட்டப் போய் மணந்து பாக்கச் சொல்லி ஒண்டு வந்திச்சே, அதோட எனக்கு எல்லாம் விளங்கிட்டு."

அழகரத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினதுபோல் தலையை ஆட்டினார்.

"கொழும்பால வந்ததில இருந்து பொடியன் கொஞ்சமா, ஒள்ளுப்பம்தான் எடுத்தான். இப்ப ஒள்ளுப்பம் இல்ல, விடியக்காலையே எடுக்கிறான். மண்டூர்க் கோயில்ல சத்தியமும் பண்ணினவன். ஒரு கலியாணத்தக் கட்டிவைச்சா விடுவான் எண்டு நாங்க மறைச்சிட்டம்."

"என்னத்த எடுக்கிறான்?"

"குடிதான்."

"எந்தக் குடி?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார் அழகரத்தினம்.

"மற்றக் குடி," என்றார் வினாயகமூர்த்தி.

வினாயகமூர்த்தி சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"நாளைக்கு நாங்க வரல்ல. அவன் விட்டா நானே வந்து கேக்கிறன். அதுக்கிடையில புள்ளைக்கு நல்ல இடம் வந்தா எங்களப் பாத்திட்டு இருக்காதீங்க. எனக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி."

அவர் போன பிறகு அழகரத்தினத்துக்கு வெட்கம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்வழியில் செத்துப்போன பாட்டிமாரையெல்லாம் விசாரித்தவர், உயிரோடு இருக்கும் மாப்பிள்ளையை விசாரிக்கவில்லை. அந்த வெட்கம் மத்தியானம் வரை இருந்தது.

மத்தியானம் கேதீஸ்வரி மீன் குழம்போடு இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். சம்பந்தம் முறிந்த கவலை அவள் முகத்தில் மருந்துக்கும் இல்லை. அதைக் கண்டதும் அழகரத்தினத்தின் வெட்கம் மெல்ல மெல்லப் பெருமையாக மாறத் தொடங்கியது.

"பாத்தியா," என்றார் மனைவியிடம். "என்ட எழுத்து ஒரு புள்ளையக் காப்பாத்திட்டு."

"உங்கட எழுத்தில்ல. இன்ஷிரா விட்ட பிழை," என்றாள் சீதேவிப்பிள்ளை.

அதிலும் நியாயம் இருந்தது. பின்னேரம் ஒரு சீப்பு கதலிப்பழம் வாங்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். இன்ஷிரா யாருடைய அடையாள அட்டையையோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மகள், ரெண்டு புத்தகத்தையும் கலந்து அடிச்சிட்டாய் எண்டு முதல்ல உன்ன ஏசத்தான் நினைச்சன். இப்ப நன்றி சொல்ல வந்திரிக்கன். உன்ட பிழையாலதான் என்ட புள்ள தப்பினது."

இன்ஷிரா மெசினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நான் எங்க சேர் பிழை விட்ட? அக்காதான் அந்தா அந்தக் கதிரையில இருந்து, 'அப்பாட்ட மூணு தரம் கேட்டுட்டன், அவருக்கு ஒரு குடிதான் விளங்குது' எண்டு செல்லிச் செல்லி, இதில ஒரு தாள் அதில ஒரு தாளா அடுக்கித் தந்த."