மூட்டண்ணன் உறை தைத்த மதியம்

பினாங்கில் அந்த நாளில் வாடகைக் கார் ஓட்டியவர்களிலேயே, கார் ஓடுவதைக் கண்டு அதிகம் பயந்தவர் எங்கள் சூலியா தெரு மூட்டண்ணன்தான். இஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டில் ஒரு மூட்டு உண்டு. அதில் கிரீஸை அடைத்து, மேலே தோல் உறை போட்டுத் தைத்திருப்பார்கள். அந்த உறை கிழிந்துவிடுமே என்ற கவலையிலேயே மனிதர் இளைத்துப்போனார். ஆயர் ஈத்தாமுக்குச் சவாரி ஏறினால், கண்ட இடத்தில் நிறுத்தி, காருக்கடியில் தவழ்ந்து பார்த்துவிட்டு வருவார்.

மூட்டண்ணன் என்ற பட்டப்பெயரைக் கேட்டு மூட்டு வைத்தியர் என்று நினைத்து, முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் வந்துவிட்டார். அண்ணன் அந்தக் காலை மடக்கி நீட்டி, காதை வைத்துக் கேட்டு, முகம் வெளுத்துப்போனார்.

"ஐயா, இந்தக் காலோட அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்கெல்லாம் போயிராதீங்க."

நான் அப்போது கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. என் மனைவிக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரிக்கு அண்ணன் கார்தான் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தேன்.

நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. கொட்டும் மழை, தெருவில் ஒரு ரிக்சாவும் இல்லை. மனைவியைக் குடைக்குள் அணைத்தபடி அண்ணன் கொட்டகைக்குப் போனால், கார் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. மூட்டு மண்ணெண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கிறது.

"என்னண்ணே இது?"

"தங்கச்சிய ஏத்துற வண்டியாச்சே, ஒரு தடவ பாத்துரலாம்னு கழட்டினேன் தம்பி. உறை கிழிஞ்சிருக்கு."

"உறை இல்லாமலே மாட்டுங்க."

"மழைத்தண்ணி உள்ள போச்சுன்னா நடுவழியில நிக்கும். நீ தங்கச்சியத் தூக்கிட்டுப் போவியா?"

"போவேன்."

"உனக்கு மூச்சு வாங்கும் லா."

என் மனைவி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். "அண்ணே, அவர்கிட்ட பேசாதீங்க. தைங்க."

புதுத் தோல் கையில் இல்லை. அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துத் காரில் தான் உட்காரும் ஆசனத்தின் தோலையே கிழித்தார். அழுக்கு வேட்டிக்காரர்களை உரசக்கூட விடாமல், தினமும் துடைத்து வைத்திருந்த தோல் அது. பழைய உறையை அளவாக வைத்து வெட்டி, மூட்டில் கிரீஸை அப்பி, மெழுகு நூலால் தைத்தார். அவசரத்தில் ஊசி விரலில் பாய்ந்துகொண்டே இருந்தது. அவள் முனகும்போதெல்லாம், "இதோ தங்கச்சி, இதோ" என்றார். நான் எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

ஒருவழியாகக் கார் புறப்பட்டது. தோல் போன ஆசனத்தில் கோணி விரித்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பிச்சுருள் குத்தி முன்னால் அவர் அலற, பின்னால் இவள் அலற, பிரசவம் யாருக்கு என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பொழுது சாயுமுன் பெண் பிறந்தாள். வெளியே ஓடினேன். காருக்கடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

"அண்ணே, பொம்பளப்பிள்ளை."

அடியிலிருந்து விசும்பல் கேட்டது.

தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். கார் ஊர்ந்தது, மாட்டுவண்டிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. என் மடியில் பிள்ளையும், தோளில் அவளும் தூங்கினார்கள். நான் முன்னால் குனிந்து மெல்லச் சொன்னேன்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் மெதுவாப் போங்க."