அம்மா குரல்ல பேசுற கதவு

அன்பும் அதிகாரமும் ஒண்ணா நிறைஞ்ச அக்காவுக்கு, உருப்படாத தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் மாமாவும் குட்டியும் நல்லா இருக்கணும். போன்ல சொல்லலாம்னா அப்பா பக்கத்துலயே நின்னு காதைத் தீட்டிக்கிறார், அதான் லெட்டர்.

அவர் கிளார்க்கா இருக்கற காலேஜ்லயே நான் படிப்பை விட்டுட்டு வந்தது அவருக்கு இன்னும் ஆறலைக்கா. "நீ செய்யற மிஷின் ஒரு வாரம் தப்பில்லாம ஓடட்டும், உன் இஷ்டத்துக்கு விடறேன். இல்லேன்னா திங்கக்கிழமை ஒழுங்கா காலேஜுக்கு வா"ன்னுட்டார். சரின்னு வாசக்கதவுல ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் மாட்டினேன். அவர் கண்ணாடி, சாவி, பிளாஸ்டிக் டிபன் டப்பா எல்லாத்துலயும் அந்த ரீடர் தொடாமலே கண்டுபிடிக்கற சிப்பு வெச்ச ஸ்டிக்கர். அவர் கதவைத் தாண்டும்போது எந்த ஸ்டிக்கர் கூட வரலையோ, அதைச் சொல்லி கதவு கத்தும். குரல் அம்மாவோடது, நான்தான் ரெக்கார்ட் பண்ணேன். "ஏங்க, கண்ணாடியை விட்டுட்டீங்க!" உடனே அப்பா "இதோம்மா"ன்னு திரும்பி வர்றார். "நான் தொண்டை கிழியக் கத்தினா ஒரு 'உம்' கிடையாது, கதவுக்கு மட்டும் மரியாதையா?"ன்னு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. வீடே ஜாலியா இருந்துச்சு.

வியாழக்கிழமை வந்துச்சு வினை. பாத்திரம் கழுவறப்ப ஸ்டிக்கர் நனையுதேன்னு அம்மாவுக்குக் கவலை. புள்ள கஷ்டப்பட்டு ஒட்டினதாச்சேன்னு டப்பாவுல இருந்ததோட கண்ணாடி, சாவியில இருந்ததையும் உரிச்சு, துடைச்சு, ஒரு கவர்ல போட்டு அப்பா சட்டைப் பையில பத்திரமா வெச்சுட்டாங்க. கதவு "எல்லாம் இருக்கு, போயிட்டு வாங்க"ன்னுச்சு. மனுஷன் நம்பி வெறுங்கையோட போயிட்டார். கண்ணாடி இல்லாம ஆபீஸ்னு நெனச்சு காலேஜ் லைப்ரரியில போய் உக்காந்து, லைப்ரரியன்தான் கையைப் பிடிச்சு அவர் சீட்டுல கொண்டுபோய் விட்டாராம். சாயந்தரம் பசியோட வந்தா சாவியும் இல்லை, நானும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தோம்.

"ஏண்டா, எல்லாம் இருக்குன்னு சொல்லுச்சே உன் கதவு!"

"பையைப் பாருங்கப்பா, அது பொய் சொல்லலை."

அம்மா குறுக்க வந்து, "மிஷினுக்கு ஸ்டிக்கர்தானேடா வேணும்? கண்ணாடி எதுக்கு?"ங்கறாங்க. அப்பா "திங்கக்கிழமை ரெடியா இரு"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டார்.

அக்கா, நீ சொன்னா அவர் கேப்பார். மிஷின் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. சத்தியமா அந்த காலேஜ் வாசலை மிதிக்க மாட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கத்தையும் குட்டிக்கு என் முத்தத்தையும் ஆள் மாறாம குடுத்துடு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: அப்பாகிட்ட எதுவும் பேசிடாதே! கவரை ஒட்டறதுக்குள்ள அந்த லைப்ரரியன் வீட்டுக்கே வந்துட்டார். அப்பா பண்ண கூத்துக்குக் காரணம் கேட்டிருக்கார், அப்பாவும் கதவுக் கதையைச் சொல்லியிருக்கார். "என் புஸ்தகமெல்லாம் சொல்லாம கொள்ளாம வெளிய நடக்குது தம்பி, எனக்கும் ஒரு கதவு போட்டுக் குடு"ங்கறார். அதனால திங்கக்கிழமை காலேஜுக்குப் போறேன். அப்பா காலையிலேர்ந்து ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம போன் போட்டு "பையன் மறுபடி காலேஜுக்கு வர்றான்"னு பெருமையடிக்கிறார். டிரில் மிஷினோட வர்றான்னு மட்டும் சொல்லலை.