மாப்பிள்ளை மாட்டிய நேர்க்குழாய்

அன்புள்ள மாப்பிள்ளை ஓக்னென் அவர்களுக்கு,

மாமனார் மிலிசாவ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மாமியார் கோசானாவும் சௌக்கியம். பன்றிகளும் சௌக்கியம். நிறைமாதக்காரி எங்கள் துன்யா நோவி ஸாத்தில் உங்களோடு சௌக்கியமாக இருப்பாள் என்று நம்புகிறோம். சௌக்கியமில்லாதது சாராயம் காய்ச்சும் என் செப்புக் கொப்பரை மட்டும்தான். அதற்குக் காரணம் நீங்கள்.

போன மாதம் வந்தபோது, "மாமா, ஆவியக் குளிர வைக்க இவ்வளவு பெரிய பீப்பாய் எதுக்கு, உள்ள சுருள்குழாய் எதுக்கு? குழாய்க்குள்ள குழாய் விட்டு, இடுக்குல தண்ணி ஓடினாப் போதும்" என்று பளபளவென்று ஒரு நேர்க்குழாயை மாட்டிவிட்டுப் போனீர்கள். படித்த மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுமா? என் அப்பா காலத்துச் சுருளைத் தூக்கிப் பரணில் போட்டேன். நம் வழக்கப்படி பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் தகப்பன் சட்டையை ஊர் கூடிக் கிழிக்கும், கிழித்த கைக்கெல்லாம் தாத்தா காய்ச்சிய ரக்கியாச் சாராயத்தை ஊற்ற வேண்டும். வெறும் கிளாஸோடு நின்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

நேற்றுக் காலை புளித்த பிளம்ஸைக் கொப்பரையில் ஊற்றி, மூடிச் சந்தில் மாவைப் பிசைந்து அப்பி, தண்ணீரைத் திறந்துவிட்டு அடுப்பை மூட்டினேன். துணைக்கு அடுத்த வீட்டுத் தீஹொமிர். குழாய் முனையில் சொட்டு வரவில்லை மாப்பிள்ளை, வெறும் ஆவி! அவன் "இந்தா வருது, இந்தா வருது"ன்னு மூக்கை அங்கயே வெச்சிருந்தான். அரை மணியில கொப்பரையக் கட்டிப் புடிச்சு "சம்பந்தி"ன்னு அழ ஆரம்பிச்சிட்டான். அவன் பொண்டாட்டி ஓடி வந்து, "எத்தனை ஊத்திக் குடுத்தீங்க?"ன்னா. "சத்தியமா ஒரு சொட்டுகூட இல்லம்மா"ன்னேன். நாப்பது வருஷத்துல அவகிட்ட நான் சொன்ன ஒரே உண்மை, அதைத்தான் அவ நம்பலை. பாதிப் பிளம்ஸ் காத்தோட போச்சு. "மாப்பிள்ளையத் திட்டாதீங்க"ன்னு கோசானா சொன்னா. அவளையும் சேர்த்துத் திட்டினேன்.

ஆகவே உங்கள் குழாயை வந்து எடுத்துப் போகவும். என் கொட்டகைப் பக்கம் இனி உங்கள் நிழல் விழ வேண்டாம். துன்யாவைப் படியேற விடாதீர்கள். மூன்று பேருக்கும் கடவுள் நூறு வயது தரட்டும்.

மனம் நொந்த மாமனார்,
மிலிசாவ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கோசானா கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள். தண்ணீரை நான் குழாயின் மேல்வாயில் விட்டிருந்தேனாம். ஐம்பது வருஷமாகப் பீப்பாயில் மேலேயிருந்துதானே வாளி வாளியாக ஊற்றினேன்! "கீழ விட்டாத்தான் குழாய் நிரம்பும், மேல விட்டா ஒரு ஓரமா வழிஞ்சு போயிரும். மாப்பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, நீங்க பன்றியப் பாத்துக்கிட்டு நின்னீங்க" என்றாள். மாற்றி மாட்டி, மீதிப் பிளம்ஸை ஏற்றினோம். சில்லென்று நூல் பிடித்த மாதிரி இறங்கியது. குடிக்கக் கூடாத முதல் வடியைக் கொட்டிவிட்டு அடுத்ததை ருசி பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. துன்யா பொறந்தப்ப எங்கப்பா காய்ச்சினதைவிட நல்லா இருக்கு மாப்பிள்ளை. மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடுங்கள். இவ்வளவு எழுதிய கையை வீணாக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். குழாய் இங்கேயேதான் இருக்கும். சேதி வந்ததும் பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பஸ்ஸில் வருகிறேன், முதலில் கிழிப்பது நான்தான்.