பார்லி சாரும் என் சிறுநீர்ப்பையும்

ரகசியம் காக்கத் தெரியாதவர்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்தால் முதல் ஆளாக நிற்பவர் எங்கள் பார்லி சார்தான். பின்னால் யார் யார் நிற்கிறார்கள், அவர்களுக்கு என்னென்ன வியாதி என்பதையும் அவரே உரக்கச் சொல்லிவிடுவார்.

வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம் முடிந்து, எல்லாரும் ஆபீஸுக்கு வந்தே ஆகவேண்டும் என்று கம்பெனி கூப்பிட்ட நேரம் அது. மல்காஜ்கிரியிலிருந்து ஊரின் மறுகோடியில் இருந்த கொண்டாப்பூருக்கு எங்கள் ஆபீஸ் வேனில் பதினொரு பேர். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் அதற்கும் மேல். அட்மின் பிரிவில் இருந்த பார்லி சார் மெட்டுகுடாவில் ஏறுவார். நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். கையில் ஒரு பெரிய பிளாஸ்க், அது நிறைய பார்லித் தண்ணீர். தலைவலிக்கும் அதைத்தான் கொடுப்பார், இன்க்ரிமென்ட் வராத துக்கத்துக்கும் அதைத்தான் கொடுப்பார்.

கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் பரவாயில்லை.

“சதீஷ்! நேத்து மூலம்னியே, இப்ப எப்படிப்பா இருக்கு?”

பின் சீட்டு சதீஷுக்கு அந்த வாரம்தான் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தோழி மூன்றாவது சீட்டில் இருந்தாள். சதீஷ் அன்றைக்குப் பூராவும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான்.

இப்படிப்பட்டவர் இருக்கும் வண்டியில் எனக்கு வந்த வியாதியைப் பாருங்கள். எட்டு மாதமாக அடிவயிற்றில் எரிச்சல், வலி. போய்விட்டு வந்த பத்தாவது நிமிஷம் மறுபடி போகவேண்டும். தொற்று இல்லை, கல் இல்லை என்று எல்லா டெஸ்டும் சொல்லிவிட்டன. “உங்களுக்குச் சிறுநீர்ப்பை சட்டுனு எரிச்சலாகுது. டீ, காபி, புளிப்பு, காரம் எல்லாத்தையும் நிறுத்துங்க. அப்புறம் ஒவ்வொண்ணா சேத்துப் பாத்து, எது ஒத்துக்கலைன்னு நோட்டுல எழுதிட்டு வாங்க” என்றார் டாக்டரம்மா. கோங்கூரா என்னும் புளிச்சகீரையும் மிர்ச்சி பஜ்ஜியும் இரானி டீயும் உள்ள ஊரில் இருந்துகொண்டு! எங்கள் திருச்சிச் சமையலில் புளியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பாத்திரம்தான்.

சாப்பாட்டைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த இரண்டு மணி நேர வேனை என்ன செய்வது? ஆம்பளைகள் நிறைந்த வண்டியில் எழுந்து, இதற்காக நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன், வலி இன்னும் கூடியது. ராஜினாமாக் கடிதத்தை எழுதி டிராஃப்டில் போட்டு வைத்தேன்.

ஒருநாள் கேன்டீன் வாசலில் பார்லி சார் என்னை மறித்தார்.

“ஏம்மா, உன் பாட்டில்ல மல்காஜ்கிரில இருந்த தண்ணி கொண்டாப்பூர் வந்தும் அப்படியே இருக்கே. கைக்கு? ஏன் குடிக்கல?”

எனக்கு அலுத்துப்போயிருந்தது. சொல்லிவிட்டேன். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்.”

“நக்கோம்மா, சொல்லவே மாட்டேன்! என் வாயிலேர்ந்து வருமா?”

அந்த வாயிலிருந்து எதுதான் வந்ததில்லை? அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் முதல் அராஜகம் ஆரம்பமாயிற்று. என் கையிலிருந்த டீயைப் பிடுங்கித் தானே குடித்தார். என் டப்பாவைத் திறந்து தக்காளியைப் பொறுக்கி எடுத்தார். சுரைக்காய்க் கூட்டு, பூசணிக்காய்க் கூட்டு, மறுபடியும் சுரைக்காய்க் கூட்டு என்று வீட்டிலிருந்து கொண்டுவந்தார். எனக்கு மட்டும் தடை போட்டால் சந்தேகம் வரும் என்று வேனுக்கே தடை போட்டுவிட்டார்.

“சார், இது வேனா, ஆஸ்பத்திரியா?” என்றான் சதீஷ்.

“ரெண்டும்தான். அந்த பஜ்ஜியைக் கீழ வை.”

தினமும் காலையில் ஒரு டம்ளர் பார்லி. மூச்சுவிடாமல் குடித்துத் தொலைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று. வலி குறையவே இல்லை. டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார்.

“இந்த பார்லில என்ன சேக்குறாங்க?”

“ஒண்ணுமில்ல டாக்டர். அரை எலுமிச்சம்பழம் பிழிவாரு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புளியை, தக்காளியை, ஊறுகாயை எல்லாம் ஊரைவிட்டே விரட்டியவள், தினமும் காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சையை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மருந்து என்று கொடுத்ததில் இருந்த எலுமிச்சையைப் புளிப்புக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ஆபீஸ் மாடிப்படியில் பிடித்து அவரைக் கிழிகிழி என்று கிழித்தேன்.

“எலுமிச்சை இல்லாம பார்லியா? எங்க வம்சத்துலயே கெடையாதேம்மா” என்று முனகினார். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது. “ஹவ், ஆமாம்மா. தப்பு என்னுதுதான்.” பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

எலுமிச்சை போனபின் வலி மெதுவாக இறங்கியது. ஆனால் முழுசாகப் போகவில்லை. அடுத்த வாரமே பேய் மழை, பேகம்பேட்டையில் வண்டி நகரவில்லை. நான் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். திடீரென்று முன் சீட்டிலிருந்து டிரைவரிடம் பார்லி சாரின் கர்ஜனை.

“யாதகிரி! அந்தப் பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டுப்பா! எனக்கு அவசரம். அடக்க முடியல!”

வேனே சிரித்தது. “லேடீஸ் யாராச்சும் போறதுன்னா போய்ட்டு வந்துருங்க, எனக்கு நேரமாகும்” என்றார். நான் ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில், குடையைப் பிடித்தபடி யாரிடமோ கதையளந்துகொண்டிருந்தார். கழிவறைப் பக்கமே போகவில்லை. என்னைப் பார்த்ததும், “என்ன முழிக்கிற? ஏறு, ஏறு” என்று எரிந்து விழுந்தார்.

அதன்பின் தினமும் அதே இடத்தில், அதே கூச்சல். வண்டியில் அவருக்குப் ‘பங்க் சார்’ என்று இன்னொரு பேர்கூட வந்துவிட்டது. “எதுக்கு சார் இப்படி மானத்தை வாங்கிக்கறீங்க?” என்று தனியாகச் சண்டை போட்டேன். “என் மானம், என் இஷ்டம். நீ தண்ணியைக் குடி.”

போன மாதக் கடைசியில் ரிட்டயர் ஆனார். வழியனுப்பு விழாவில் சதீஷ் ரிப்பன் கட்டிய ஒரு பிளாஸ்டிக் மக் பரிசளித்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்தான் உரக்கச் சிரித்தார். நான் எழுந்து வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து, சின்னதாக ஒரு தலையசைப்பில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அந்தப் பங்க் வந்தபோது யாதகிரி வேகத்தைக் குறைக்கவில்லை.

“நிறுத்துங்க யாதகிரி,” என்றேன். “எனக்குப் போகணும். இத்தனை நாளும் எனக்குத்தான் போகவேண்டியிருந்துச்சு. சாருக்கு இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. சதீஷ் தலையைக் குனிந்துகொண்டான். வண்டி நின்றது. போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். கொண்டாப்பூர் வரும்வரை யாரும் யாரையும் மூலத்தைப் பற்றி விசாரிக்கவில்லை, என் டப்பாவை யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து என் திட்டை வாங்கிக்கொள்ளாமல் அப்படி என்ன அவசரமாக ரிட்டயர் ஆகவேண்டிக் கிடந்தது அவருக்கு?