டி டிரைவைச் சி டிரைவ் விழுங்கிய படலம்

தோளில் சுருட்டிய கம்பியே மாலையாகவும், இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தே கிண்கிணியாகவும், ஏசிக் குளிர் தாங்கும் பழைய ஸ்வெட்டரே கவசமாகவும் பூண்டு, மருந்துக் கிடங்கின் சர்வர் அறையைத் தனியொருவனாய்க் காத்துநிற்கும் தகையோன், ‘கேபிள் அண்ணன்’ என்று கிடங்கே விளித்துப் போற்றும் பெருமான் வாழ்க! வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் தொடுத்த பெரும்போரைக் கேளுங்கள். நடுவில் யாரும் போன் பேச வேண்டாம்.

அன்று சி டிரைவ் என்னும் தலைநகர் நிரம்பி வழிந்தது. நூறு ஜிபி நிலப்பரப்பில் ஒரு கோப்பு காலூன்றவும் இடமில்லை. திரையில் சிவப்புப் பட்டை எரிய, அனுப்புச் சீட்டு அச்சாகாமல் நிற்க, வாசலில் ஏழு லாரிகள் போர்க்களம் புகாத யானைகளைப் போல் பெருமூச்செறிந்தன. பக்கத்து நாடாகிய டி டிரைவோ நானூறு ஜிபியை வளைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மூலையில் மட்டும் குடியிருந்தது.

“லாரியெல்லாம் கெளம்பட்டும், அப்புறம் நீங்க எங்க வேணும்னாலும் போங்க” என்று ஆணையிட்டார் மேலாளர்.

போவதற்கு இடம் இருந்தது. மனைவியின் அக்காள் மகளுக்கு மறுநாள் கல்யாணம். “நாலு மணி பஸ்ஸு. இந்தத் தடவையும் நீங்க வரலேன்னா எங்க அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?” என்று இல்லத்தரசி போனில் முழங்க, “மூணு மணிக்கு வீட்டுல நிப்பேன்!” என்று வஞ்சினம் கூறினான் வீரன். போன இரண்டு கல்யாணத்துக்கும் இதையேதான் கூறியிருந்தான்.

களம் புகுந்தான். நிலத்தை விரிக்கும் ‘எக்ஸ்டெண்ட்’ என்னும் சொல் சாம்பல் பூத்துக் கிடந்தது; அழுத்தினால் அசையவில்லை. ஒட்டிக் கிடக்கும் வெற்று நிலத்தை மட்டுமே சி தன்னோடு சேர்க்கும் என்பது விண்டோஸ் வகுத்த விதி. சிக்கும் டிக்கும் இடையிலோ விண்டோஸை மீட்கவென்று ஒதுக்கிய, அரை ஜிபிகூட இல்லாத ரெக்கவரி என்னும் குறும்பகைவன், வாசற்படியில் படுத்த பூனையைப் போல வழிமறித்துக் கிடந்தான். ‘என்னை அழிக்க இயலாது’ என்று அவன் செருக்கியபோது, கருந்திரையைத் திறந்து, கட்டளை வரிகளை நாணேற்றி, ‘ஓவர்ரைடு’ என்னும் தடைமீறும் அம்பை நம் வீரன் எய்தான். பகைவன் இருந்த இடம் தெரியாமல் போனான்!

பின்னர் டியின் குடிமக்களை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பத்திரமாய்க் குடியேற்றி, டியை வேரோடு கெல்லி, அந்நிலம் முழுவதையும் சியோடு கலந்து, அகதிகளைச் சியிலேயே ஒரு கோப்புறையில் அமர்த்தினான். சிவப்புப் பட்டை நீலமாயிற்று. மணி ஒன்றரை. ஐந்நூறு ஜிபி அகன்ற ஒரே குடையின்கீழ் ஒரே நாடு! உள்ளம் பூரித்து, ஸ்வெட்டரைக் கழற்றி, பையைத் தோளில் மாட்டி, எழுந்தேவிட்டான் அந்த வெற்றிவேந்தன்.

அந்தோ! கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார் அனுப்புப் பிரிவு அக்கா.

“தம்பி, டி எங்க போச்சு? மருந்துப் பட்டியலே தொறக்க மாட்டேங்குது. டியக் காணோம் டியக் காணோம்னே சொல்லுது!”

பன்னிரண்டு மேசைகளிலும் அதே ஓலம் எழுந்தது. மருந்துப் பட்டியலைத் திறக்கும் மென்பொருள் பிறந்த நாள்தொட்டு டியைத் தவிர வேறு வாசல் அறியாது. அதை எழுதித் தந்தவர்களோ போனை எடுக்கவில்லை. பகைவனைக் கொன்றவன், நாட்டை விரித்தவன், அத்தனை குடிகளையும் ஒன்றுகூடச் சேதமின்றி இடம்பெயர்த்தவன், இந்த ஒற்றை எழுத்தை மட்டும் அடியோடு மறந்துபோனான். தோளிலிருந்த பை தானே நழுவிக் கீழே விழுந்தது. பாவம், அவனைப் பார்க்கவே சகிக்கவில்லை.

சியைச் சுருக்கி மறுபடியும் ஒரு டி போட்டு எல்லாவற்றையும் அதில் காப்பி பண்ணி முடிக்கும்போது மணி ஐந்தே கால், பஸ் போய்விட்டது.