தலைமாட்டுப் பலகையை அறுக்க அனுமதி கேட்டு

ஒத்தக்கடை,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

பேரையூர் மலையாண்டி மாமா அவர்களின் சமூகத்துக்கு மருமகன் ராஜபாண்டி வணங்கி எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகள் ரோகிணியும் சுகம். அங்கு தாங்களும் அத்தையும் முழங்கால் வலி குறைந்து, மழையும் பெய்து, சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாய் திறப்பதற்குள் "இந்தா, அத்தைகிட்டப் பேசுங்க மாப்ள" என்று கைமாற்றிவிடுகிறீர்கள். இது அத்தையிடம் சொல்கிற சமாச்சாரம் இல்லை.

கல்யாணத்துக்குச் சீராக நீங்கள் கொடுத்த ஈட்டி மரக் கட்டிலைப் பற்றியது. அதன் தலைமாட்டுப் பலகையை அறுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். கோபப்படாமல் மேலே படியுங்கள் மாமா.

எங்கள் கல்லூரி ஆபீஸில் ஆன்சன் என்று ஒரு கிளார்க், சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். போன வருஷம் ஒருநாள் அதை என் மடியில் வைத்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது. சும்மா ஒரு கம்பியைச் சுண்டினேன். அந்தச் சத்தம் மரத்தின் வழியாக வந்து என் நெஞ்சில் இறங்கிவிட்டது. இப்படி ஒன்றை என் கையால் செய்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரே ஏக்கம். மற்ற மரமெல்லாம் வாங்கியாகிவிட்டது. முதுகுப் பலகைக்குத்தான் ஈட்டி வேண்டும். ஒரே பலகையைக் கனத்தில் இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரித்த மாதிரி சேர்த்து ஒட்டினால், இந்தப் பக்கத்து ரேகையும் அந்தப் பக்கத்து ரேகையும் ஒன்றையொன்று முகம் பார்க்கும். அப்படி ஒரு பலகைக்கு மதுரை முழுக்க அலைந்தேன். அது என் தலைக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது! ஒருநாள் காலையில் சாயும்போது விரல் முட்டி பட்டு 'ணங்'கென்றது. அன்றிலிருந்து தூங்கி எழுந்ததும் ஒரு தடவை தட்டிக் கேட்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. "விடிஞ்சதும் விடியாததுமா யார் வீட்டுக் கதவத் தட்டுறீக?" என்கிறாள் உங்கள் மகள். இருப்பது ஒரே பலகை. ரம்பம் கோணிவிட்டால் கட்டிலும் போச்சு, கிட்டாரும் போச்சு. மரவாடியில் கொடுக்கலாம் என்றால், அந்தப் பெரிய ரம்பம் பாதி மரத்தைத் தூளாக்கிவிடும். கையால்தான் அறுக்க வேண்டும். அதற்கு அரை நாளாவது யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும்.

அந்த அரை நாள்தான் மாமா கிடைக்கமாட்டேன் என்கிறது. லீவு ஞாயிறு ஒன்றுதான். அதிலும் உங்கள் மகள் காலண்டரைப் பார்த்து, "மத்தியானம் எமகண்டம், சாயந்தரம் ராகுகாலம். நடுவுல மூணு மணிக்குக் குளிகை. அதுல தொட்ட வேலை திரும்பத் திரும்ப நடக்கும், அப்ப ஆரம்பிங்க" என்றுவிட்டாள். கிட்டார் மேல கிட்டாராச் செய்யலாமேன்னு எனக்கும் ஆசைதான். கார் ஷெட்டை ஒழித்துவைத்தேன் (கார் கிடையாது, ஷெட் உண்டு). முதல் ஞாயிறு நீங்க அனுப்பின துவரை வந்து இறங்கி, வண்டு வந்துரும்னு ஷெட் பூராவும் பரப்பியாச்சு. அடுத்த ஞாயிறு பழைய கட்டை ஒண்ணுல பழகிப் பார்ப்போம்னு ரம்பத்தோட நிக்கிறேன், சரியா மூணு மணி, எதிர்வீட்டு மொக்கைச்சாமி பாத்ரூம் கதவைத் தூக்கிக்கிட்டு வாராரு. "அண்ணே, மழைக்கு உப்பிப்போய் அடைக்கவே மாட்டேங்குது. அடியில ஒரு இழுப்பு இழுத்து விடுங்கண்ணே." மாட்டேன்னு எப்படிச் சொல்றது? இழுத்துவிட்டேன். குளிகையில இழுத்துவிட்டேன் மாமா! அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் ஞாயிறு தவறாம ஒரு கதவு வருது. ஒத்தக்கடையில இம்புட்டுக் கதவு இருக்குன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். ஊரான் கதவையெல்லாம் அறுத்துட்டு வந்து நம்ம பலகையில சாஞ்சா, எனக்கு அழுகையா வருது. வெக்கத்த விட்டுச் சொல்றேன் மாமா.

ஆகவே தாங்கள் அனுமதி தந்து, ஒரு ஞாயிறு என்னை யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளும்படி மகளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள். கட்டிலுக்கு வேறு பலகை போட்டு, வித்தியாசம் தெரியாமல் பாலிஷ் அடித்துவிடுகிறேன். முடியாது என்றாலும் எழுதுங்கள். தட்டிக் கேட்டுக்கொண்டாவது காலத்தை ஓட்டுகிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தொழுவத்து ஆடு மாடு முதற்கொண்டு எல்லோரும் நலமாக இருக்கட்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும் மருமகன்,
ராஜபாண்டி

பி.கு.: உறையில் போடுவதற்குள் ரோகிணி இதைப் படித்துவிட்டாள். "சீர் எனக்குக் குடுத்தது. எங்கப்பாகிட்ட என்ன கேள்வி? கழட்டுங்க" என்றாள். இன்றைக்கு வந்த கதவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, பலகை அசையாமல் அவளே பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் இவ்வளவு நேரம் சண்டை போடாமல் ஒரு வேலை செய்ததே இல்லை. பலகை கோணாமல் இரண்டாக விரிந்தது. அவள் ஒரு பாதியைத் தட்டிக் கேட்டாள். அடுத்த பாதியையும் தட்டினாள். இப்போது கால்மாட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். ஆரம்பித்தது குளிகையில் அல்லவா? ஆகவே அனுமதி வேண்டாம் மாமா. அடுத்த முறை வரும்போது கோரைப்பாய் ஒன்று, கொஞ்சம் அகலமானதாகப் பார்த்து வாங்கி வாருங்கள்.